ரிப்பேரே வராத கம்ப்யூட்டர்

— பழசே போதும்பா. போர்டை மாத்த வேணாம்.

— என்ன குட்டிமா, கடை வரைக்கும் வந்துட்டு, கவுண்டர்ல நின்னுக்கிட்டு இப்படிச் சொல்ற? புதுசு வாங்கத்தானே வந்திருக்கோம்!

— லிஃப்ட் சார், எங்க பில்டிங் லிஃப்ட்டையே ரிப்பேர் பாக்கறவர் நீங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. பாப்பா சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் கடைக்காரன், புதுசு வித்தாத்தான் எனக்கு ரெண்டு காசு நிக்கும். இருந்தாலும் ரெண்டு பக்கத்தையும் சொல்லிடறேன். உங்க பழைய மதர்போர்டுல உக்கார்ற மாதிரி கடைசியா வந்த ப்ராசஸர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இப்போ இருக்கறதை எடுத்துட்டு இதை வெச்சாப் போதும். மெமரிகூடப் பழசே ஓடும்.

— அதையே குடுங்க அங்கிள்.

— இரும்மா, அவர் இன்னும் முடிக்கல.

— ஆனா அதோட அந்த சாக்கெட் கதை முடிஞ்சுது. இனிமே அதுல வைக்கப் புது ப்ராசஸர் எதுவும் வராது. போர்டும் லட்சணமா இல்ல. நீங்க அனுப்பின போட்டோவுல பாத்தேன், கெப்பாசிட்டர் ரெண்டு வயிறு உப்பி நிக்குது. என்னிக்கு வேணா படுத்துடும்.

— கேட்டியா? என்னிக்கு வேணா படுத்துடுமாம்.

— படுக்கட்டும்.

— என்னது?

— ஒண்ணுமில்ல.

— இப்போ இந்தப் பக்கம் பாருங்க. புது போர்டு, புது ப்ராசஸர், புது மெமரி. மூணையும் சேத்து மாத்தணும், அதுதான் கொஞ்சம் கையக் கடிக்கும். ஆனா அடுத்து வரப்போற ப்ராசஸரும் இதே சாக்கெட்டுல உக்காரும். பாப்பா காலேஜ் முடிக்கிற வரைக்கும் போர்டு மேல கை வைக்க வேண்டாம்.

— அதான் வேணும். நீ பொம்மை வரைஞ்சு ஓட விடறியே குட்டிமா, பழசுல அந்தத் துளியூண்டு படம் வெளிய வர்றதுக்குள்ள நான் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம். இதுல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்து நிக்கும்.

— எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

— உனக்கு இல்ல. அந்த பொம்மைக்கு இருக்குமே, பாவம். ஒத்தக் காலத் தூக்கினபடியே நிக்குது.

— சிரிப்பு வரலப்பா.

— லிஃப்ட் சார், முக்கியமானத விட்டுட்டேன். போர்டு ஓரத்துல நாலு குட்டி விளக்கு இருக்கு பாருங்க. ப்ராசஸர்ல கோளாறுன்னா இது எரியும், மெமரின்னா இது. எங்க சிக்கல்னு அதுவே காட்டிக் குடுத்துடும். பாப்பாவே பாத்து சரி பண்ணிக்கலாம், யாரையும் கூப்பிட வேண்டாம்.

— அப்போ அப்பா எதுக்கு?

— சரியாப் போச்சு! இது வக்கீலாத்தான் வரும் போலிருக்கு. நீங்க பேசிட்டிருங்க சார், நான் உள்ள போய் இருப்பு இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்.

— நல்ல மனுஷன், நாலும் எடுத்துச் சொல்றாரு. நீ என்னடான்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கற.

— விளக்கு வெச்ச போர்டு வேணாம்பா.

— விளக்கு உன்னை என்ன பண்ணுச்சு?

— அது காட்டிக் குடுத்துடும்.

— எதை?

— என்னை. மெமரியை நான்தான்பா கழட்டி விடுவேன். அம்மா குளிக்கப் போனதும் மூடியத் தொறந்து அந்த கிளிப்பை அமுக்குவேன், லேசாத் தூக்கிக்கும். அப்புறம் ஸ்க்ரீனே வராது. ஸ்கூல் ப்ராஜெக்ட் உள்ள மாட்டிக்கிச்சுன்னு அழுவேன். அப்பத்தானே அம்மா உங்களுக்குப் போன் பண்ணுவாங்க? சும்மா வந்தா உங்களை கேட்டோட அனுப்பிடறாங்க.

— தெரியும் குட்டிமா.

— தெரியுமா!

— மெமரி தானா கழண்டுக்காதுடா. ரெண்டு பக்கமும் கிளிப்பு கடிச்சுப் புடிச்சிருக்கும். லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவனுக்கு இதுகூடத் தெரியாதா? மொத தடவையே புரிஞ்சுபோச்சு. விரலால ஒரு அமுக்கு, வேலை முடிஞ்சுது.

— பின்ன எல்லா ஸ்க்ரூவையும் கழட்டித் தரையில பரப்பி வெச்சுக்கிட்டு, 'ம்ஹூம், சிக்கல் பெருசா இருக்கும் போலிருக்கே'ன்னு தலையச் சொறிவீங்களே?

— நீ தோள்ல சாஞ்சுக்கிட்டு டார்ச் அடிச்சிட்டிருந்தா எனக்கு சீக்கிரம் முடிக்க மனசு வருமா?

— ஃபேனை வேற தனியாக் கழட்டித் தொடைப்பீங்க.

— தூசி இருந்துச்சு.

— அதுக்கு முன்னாடி வந்தப்பவும் தொடைச்சீங்கப்பா!

— மறுபடி வந்து ஒக்காந்துக்கிச்சு. தூசிக்கு யாரு கேட்டு போட்டா?

— அப்பா, பழசே வாங்குங்க. இனிமே நான் கழட்டவும் வேணாம், பொய் சொல்லி அழவும் வேணாம். அது தன்னாலயே படுத்துக்கும். நீங்க நெஜமாவே ரிப்பேர் பாக்க வந்துட்டே இருக்கலாம்.

— குட்டிமா...

— இருக்கு சார், இருக்கு! புதுசுல ஒரே ஒரு செட்டு மிச்சம். சொல்லுங்க, எதைக் கட்டட்டும்?

— பழசுக்கு வைக்கற ப்ராசஸர் அங்கிள்.

— புதுசைக் கட்டுங்க. அந்த விளக்கு வெச்சதே.

— அப்பா!

— பாப்பாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சே. தண்ணி ஏதாச்சும் தரட்டுமா சார்?

— வேணாங்க. நீங்க கட்டுங்க, நாங்க வாசல்ல நிக்கறோம்... வாடா. இங்க வா, இப்படி நிழலுக்கு.

— தொடாதீங்க. வர்றதுக்கு சலிச்சுப் போச்சுன்னா சொல்லிடுங்க. அதுக்கு ஏன் கம்ப்யூட்டர் வாங்கித் தர்றீங்க?

— வாங்கித் தர்றது நான் இல்லடா. உங்கம்மா.

— அம்மாவா? அம்மா ஏன்...

— அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. துண்டை மறந்துட்டுத் திரும்பி வந்தவ, நீ மூடியத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாத்திருக்கா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எங்கிட்ட வந்து அழுதா. 'உங்களைப் பாக்கறதுக்காக எம்பொண்ணு திருட்டுத்தனம் பழகறா, அது வேணாம். இனிமே ரிப்பேர்ங்கற பேச்சே வராத மாதிரி ஒண்ணு மாட்டிக் குடுத்துட்டு, வர்றத நிறுத்திக்குங்க'ன்னா.

— நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே!

— சொல்லத்தான் வாயெடுத்தேன். 'ஒத்துக்கிட்டா, கம்ப்யூட்டர் வாங்கற அன்னிக்கு ஒரு நாள் பூரா அவளை வெளிய கூட்டிட்டுப் போங்க'ன்னா. பூரா ஒரு நாள்னதும், மத்த நாளையெல்லாம் நெனைக்காம சரின்னுட்டேன்டா.