சென்னிமலைக்குப் போட்ட ஊசி

என் பெயர் நாச்சியம்மாள். வயது ஐம்பத்தாறு. காலஞ்சென்ற சென்னிமலையின் மனைவி. கிணத்துக்கடவுக்கு மேற்கே எங்கள் தென்னந்தோப்பிலேயே வீடு கட்டிக் குடியிருந்து வருகிறேன். என் கணவரை நர்ஸ் ஹர்ஷிணி ஊசி போட்டுக் கொன்றுவிட்டதாக என் கொழுந்தனார் அருள்குமார் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரித்தீர்கள். உட்காரச் சொன்னீர்கள். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன்.

என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். இனி வைத்தியம் பலிக்காது என்று கோயமுத்தூர் டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும் என்று சொல்லி மூக்கில் குழாய் போட்டிருந்தார்கள். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மார்பின் ஊசியை ஹர்ஷிணி வீட்டுக்கே வந்து போட்டு வந்தார். போட்டால் தூங்குவார்; விழித்தால், தோப்புக்குத் தண்ணீர் பாய்ந்ததா என்று என்னிடம் சைகையில் கேட்பார். சாக வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அருள்குமார் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர். அண்ணன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் சம்பவத்தன்று மதியம் ஹர்ஷிணியிடம், "ஏனுங்க சிஸ்டர், கோர்ட்டே ஒத்துக்கிச்சுன்னு டிவியில சொல்றாங்களே, அந்த ஊசியப் போட்டு அண்ணன அனுப்பி வெச்சுருங்களேன்" என்று கேட்டார். அதற்கு ஹர்ஷிணி, "கோர்ட்டு சொன்னது வேறைங்க. பலிக்காத வைத்தியத்தையும் மெஷினையும் நிறுத்தறதப் பத்தித்தானுங்க. சாகடிக்கற ஊசிய நம்ம நாட்டுல ஆரும் போடக் கூடாதுங்க. இது வலிக்குப் போடறது" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டு, வழக்கமான ஊசியைப் போட்டார். என் கணவர் முகம் தெளிந்து தூங்கினார்.

அதன் பிறகு நான் ஹர்ஷிணியை வண்டி வரை போய் அனுப்பிவிட்டு, மோட்டாரை நிறுத்தத் தோப்புக்குள் போனேன். அதற்குள் அருள்குமார், நர்ஸ் போலீசுக்குப் பயந்து வெளியே அப்படிச் சொல்கிறார், போட்டது அந்த ஊசிதான் என்று தானாகவே முடிவு செய்து, பார்க்க வந்திருந்த துடியலூர் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். உயிர் பிரியப் போகிறவருக்குச் சொந்தங்கள் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். நான் திரும்பி வந்தபோது, தூங்குகிற மனிதரின் வாயைத் திறந்து ஒருவர் பின் ஒருவராக ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஊத்தாதீங்க, அவருக்கு முழுங்க முடியாது" என்று கத்திக்கொண்டு ஓடினேன். டம்ளரோடு நின்ற அருள்குமார் அழுதுகொண்டே, "உடுங்க நங்கையா, அண்ணன் நிம்மதியாப் போகட்டும்" என்று என்னைத் தடுத்து, மறுபடி ஊற்றினார். என் கணவர் விழித்து இருமினார். முகம் நீலம் பாய்ந்தது. உயிர் போகிற இழுப்பு என்றார்கள். அவர் கையால் டம்ளரைத் தள்ளினார். தள்ளினார் என்பதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் தூக்கி நிமிர்த்துவதற்குள் பால் மூக்கு வழியாக வந்து, சற்று நேரத்தில் அடங்கிவிட்டார்.

அதன் பிறகு, தம்பியே நர்ஸை ஊசி போட வைத்து அண்ணனைத் தீர்த்துவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சுக் கிளம்பவே, அருள்குமார் பயந்துபோய் ஹர்ஷிணி மீது புகார் கொடுத்தார். அவரை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர் அழுததும் பொய்யில்லை. அவரை என்ன செய்வது என்பது சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஹர்ஷிணி மேல் ஒரு குற்றமும் இல்லை.

எங்கள் தோப்பை அடுத்துப் பழனியாத்தாள் என்று ஒரு அம்மாள் இதே நோயில் கிடக்கிறார். அவருக்கும் ஹர்ஷிணிதான் ஊசி போடுகிறவர். கொல்கிற நர்ஸ் என்று பேர் கட்டிவிட்டதால், இன்று காலை அந்த வீட்டில் ஹர்ஷிணிக்குக் கதவைத் திறக்கவில்லை. நான் இங்கே கிளம்பி வரும்போது அந்த அம்மாள் கத்துவது ரோடு வரை கேட்டது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் நடந்தது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். நான் போய் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

(ஒப்பம்) செ. நாச்சியம்மாள்