வலது பக்கத்துக் குழந்தை

கதவைச் சாத்திவிட்டீர்களா… சரி. விளக்கு எரியட்டும். இந்தக் கதைக்கு இருட்டு தேவையில்லை. நடந்ததே பட்டப்பகலில்தான்.

என் நண்பனின் மச்சினருக்கு நடந்தது. ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். மெக்கானிக் என்றே சொல்கிறேன். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், “அதுக்கும் சர்வீஸ் பண்ணணுமா?” என்று கேட்டுச் சிரிக்கிற ஆள். அப்போது அப்படி. இப்போது இல்லை.

விடியற்காலை நாலு மணி. ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை. ஒரு கடை கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. ஆம்புலன்ஸ் ஒன்று மட்டும் போகிறது. உள்ளே மெக்கானிக்கின் மனைவி. எட்டாம் மாதம் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் வலி. பாதி வழியில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வந்துவிட்டது. பெண். அழவில்லை… பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தார். ரத்தம். மனைவியினுடையது. நிற்கவே இல்லை. அவளைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு பக்கம் ஓடினார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி இன்னொரு பக்கம் ஓடினார்கள். இவர் நடுவில் நின்றார். எந்தப் பக்கம் ஓடுவது?

குழந்தையின் பக்கம் ஓடினார்.

பிரசவ வார்டை ஒட்டி ஒரு நீள அறை. அங்கே தலைமை நர்ஸ் ஒருவர். எல்லோருக்கும் ‘பெரிய சிஸ்டர்’. கறாரான அம்மா. பிரசவம் முடிந்ததும் எல்லோரும் கை கழுவிக்கொண்டு போய்விடுகிறார்கள், அதற்கப்புறம்தான் தாயும் பிள்ளையும் சாகிறார்கள் என்று டாக்டர்களிடமே முகத்துக்கு நேராகச் சொல்கிறவர். பிரசவமான பெண்ணைக் கால்மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும், குறைமாதக் குழந்தையை ஒரு நிமிடம்கூடக் குளிரவிடக் கூடாது. இந்த இரண்டுக்காகவும் இரண்டு வருடம் மனுப் போட்டு, சண்டை போட்டு, கடைசியில் ஐந்து சாய்வு நாற்காலிகள் வாங்கி வைத்திருந்தார். குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கும் வார்மர் அங்கே மூன்றுதான். அன்று காலை குழந்தைகள் எட்டு.

“வார்மர்ல இடம் இல்ல. ஆனா நீங்க இருக்கீங்க. சட்டையக் கழட்டுங்க” என்றார் பெரிய சிஸ்டர்.

மெக்கானிக் விழித்தார். அப்புறம்தான் விளங்கியது. குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, அவர் வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தவளை மாதிரி காலை மடக்கி, ஒரு நீளத் துணியால் இருவரையும் சேர்த்து இறுகக் கட்டினார்கள். பெற்றவர்கள் உடம்புச் சூட்டிலேயே பிள்ளை பிழைத்துவிடும், அம்மா வரும்வரை அப்பாதான் அம்மா என்றார் சிஸ்டர்.

ஒரு கிலோ நானூற்றைம்பது கிராம். ஒரு கம்ப்ரசர் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற மனிதர், இந்த எடையைத் தாங்க முடியாமல் அழுதாராம்.

மணிக்கு ஒருமுறை அக்குளில் சூடு பார்த்தார்கள். முப்பத்தைந்து புள்ளி எட்டு. அப்புறம் முப்பத்தாறு புள்ளி இரண்டு. மதியம் இரண்டு மணிக்கு முப்பத்தாறு புள்ளி ஆறு. சிஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார். மனைவி பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தீவிர சிகிச்சையில் இருக்கிறாள், ரத்தம் ஏற்றுகிறார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

மூன்று மணி. மற்ற நாற்காலிகளில் இருந்த தாய்மார்கள் பால் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார்கள். சிஸ்டரும் வெளியே போயிருந்தார். ஜன்னலில் நல்ல வெயில். மேலே மின்விசிறி… கிரீச்… கிரீச்… வார்மர் பக்கத்திலிருந்து பீப் சத்தம். பினாயில் வாசனை.

அதற்கு நடுவே… பச்… பச்… ஈரக் காலோடு யாரோ நடக்கிற சத்தம்.

ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரி அங்கி. புறங்கையில் சலைன் ஊசி குத்தியபடியே இருந்தது, குழாய் இல்லை. அவளோடு ஒரு வாசனையும் வந்தது. புளித்த பால்… அதோடு ரத்தம். பிரசவ வார்டில் இதெல்லாம் சகஜம்தானே என்று இவர் நினைத்துக்கொண்டார். கையில் துணிச்சுருள்.

“அண்ணா, கொஞ்ச நேரம் இவனையும் வெச்சுக்கோங்க. என் உடம்புல சூடே இல்ல.”

சாதாரணக் குரல். களைத்த குரல். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இவரும் அதையே செய்தார். தன் மகளை இடப்பக்கம் கொஞ்சம் ஒதுக்கினார். அவள் துணியை விலக்கி, தன் குழந்தையை வலப்பக்கம் செருகினாள். அவள் விரல் இவர் நெஞ்சில் படவில்லை. போய்விட்டாள். பச்… பச்… பச்… வாசல் வரை கேட்டது. வராந்தாவில் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் குளிர் தெரிந்தது.

அதை அவர் எங்களுக்கு விளக்கிய விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. “எங்க தொழில்ல குளிர்னு தனியா ஒண்ணு கிடையாது. சூடு வெளிய போறதுக்குப் பேர்தான் குளிர். ஓடற மெஷின்ல காயில் பைப்பைத் தொட்டா, கையில இருக்கற சூட்டை உறிஞ்சும் பாருங்க… அந்த மாதிரி.”

குழந்தை அசையவில்லை. கண் மூடியிருந்தது. ஆனால் உயிரோடு இருந்தது, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வாய் மட்டும் மெல்ல மெல்லச் சப்பிக்கொண்டிருந்தது. பாலையல்ல. சூட்டை.

நாலு மணிக்குச் சிஸ்டர் வந்து பார்த்தார். முப்பத்தாறு புள்ளி ஒன்று. முகம் மாறியது. “ஏன் இப்படி ஓரமா ஒதுக்கி வெச்சிருக்கீங்க? நடுவுல வெக்கணும்” என்றபடி கட்டை அவிழ்த்தார். மகளை எடுத்து நடுவில் வைத்தார். அவர் மணிக்கட்டு அந்த இன்னொன்றின் மேல் பட்டது. மெக்கானிக் கண்ணால் பார்த்தார். சிஸ்டர் எதையும் பார்க்கவில்லை. கையை மட்டும் உதறினார், மரத்துப்போனதை உதறுகிற மாதிரி. திரும்பி, ஏசியைக் குறைக்கும்படி யாரிடமோ சொன்னார்.

அந்த அறையில் ஏசியே கிடையாது.

மெக்கானிக் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். ஒரு அம்மா வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள், பையன், ரொம்பக் குளிர்ந்திருக்கிறான் என்று. சிஸ்டர் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னது இவ்வளவுதான்:

“இந்த நாற்காலியெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்மர்ல மூணு குழந்தை வெப்போம். நடுவுல இருக்கறதுக்குச் சூடு கிடைக்கும். ஓரத்துல இருக்கறது…”

முடிக்கவில்லை. நீங்கள் தூங்கவே இல்லை, அதனால்தான் என்று சொல்லி, மூன்று வார்மர்களையும் பார்த்துவிட்டு, இடமில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

ஐந்து மணி. முப்பத்தைந்து புள்ளி ஏழு. மகளின் உதடு வெளுத்தது.

மெக்கானிக் முடிவு செய்தார். பாவமாவது புண்ணியமாவது. வலது கையை உள்ளே விட்டு, அதைத் தூக்கிக் காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியில் வைத்தார். வைத்த அதே நொடி, இடப்பக்கம் மகளின் மூச்சு நின்றது. நெஞ்சில் ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஏற்ற இறக்கம்… இல்லை. கால் பாதம் நீலமாகிறது. தட்டுகிறார், உலுக்குகிறார். இல்லை. பதறிப்போய் அதை மறுபடி எடுத்து நெஞ்சில் வைத்தார். மகள் மூச்சை இழுத்தாள்.

கீழே வைக்கவும் முடியாது. வைத்திருக்கவும் முடியாது. அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து புள்ளி மூன்று. இரண்டு கையாலும் இரண்டையும் மூடிக்கொண்டு, மகளின் தொப்பியில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்தார்.

ஆறு மணி சுமாருக்குப் பக்கத்து நாற்காலிக்கு ஒருவர் வந்தார். பேக்கரியில் வேலை செய்கிற இளைஞர். காது மடலில் மாவு, உடம்பெல்லாம் புது ரொட்டி வாசனை. அடுப்பிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார். மனைவிக்கு ஆபரேஷன், இன்னும் கண் திறக்கவில்லை. ஒன்றரைக் கிலோவில் ஆண் குழந்தை. சிஸ்டர் கட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் இவரைப் பார்த்து, “நமக்கெல்லாம் இப்படி ஒரு கொடுப்பினை பாருங்கண்ணே” என்று சிரித்தார். கண்ணில் நீர்.

மெக்கானிக் அவரைப் பார்த்தார். அவ்வளவு சூடான ஆள்.

“தம்பி… இதையும் கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா? பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்.”

வலது பக்கத்திலிருந்து எடுத்து நீட்டினார். சிஸ்டர் கண்ணுக்குத் தெரியாதது இந்த ஆளுக்குத் தெரிந்தது. வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப்பட்டவர் கண்ணுக்குத்தான் தெரியும் போல. “குடுங்கண்ணே, ஐயோ பாவம், இப்படிச் சில்லுன்னு இருக்கே” என்று இரண்டு கையாலும் வாங்கித் தன் துணிக்குள் செருகிக்கொண்டார்.

மெக்கானிக் எழுந்தார். மகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவின் கடைசியில் சிஸ்டரே எதிரே ஓடி வந்தார். எதிர்ப்பக்க அறையில் ஒரு குழந்தை தேறி அம்மாவிடம் போய்விட்டது, வார்மர் காலி என்றார். ஏழு மணிக்கு முப்பத்தாறு புள்ளி நாலு. எட்டு மணிக்கு முப்பத்தாறு புள்ளி எட்டு.

அதன் பிறகு அவர் அந்த நீள அறைப் பக்கமே போகவில்லை. வேறு படிக்கட்டில் ஏறி இறங்கினார். நாலாம் நாள் மனைவிக்கு நினைவு வந்தது. குரலே எழும்பாமல் அவள் கேட்ட முதல் கேள்வி, “புள்ள சூடா இருக்கா?”

இருக்கு என்றார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிழைத்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவள் நினைத்தாள்.

பேக்கரிக்காரரின் பிள்ளையைப் பற்றிச் சிஸ்டர் தினமும் புலம்பினார். வார்மரில் வைத்தால் மூச்சு விட மறக்கிறது, அப்பா நெஞ்சில் வைத்தால் சூடு இறங்குகிறது, டாக்டர்களுக்கே ஒன்றும் புரியவில்லை என்று. மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். இரண்டு முறை அந்தக் கதவு வரை போனாராம். கைப்பிடியில் கை வைத்தாராம். எதிர் அறையில் மகள் முனகுகிற சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டாராம்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மகள் ஒரு கிலோ எண்ணூறு. மனைவி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காகிதத்தில் பெரிய சிஸ்டரின் கையெழுத்து வேண்டும். சிஸ்டர் இருந்தது அந்த நீள அறையில்.

போனார். காலை பத்து மணி. வெயில். கடைசி நாற்காலியில் பேக்கரிக்காரர். சட்டை இல்லை. நெஞ்சில் கட்டு. ரொட்டி வாசனை இல்லை. உதடு ஈயம் மாதிரி இருந்தது.

சிஸ்டர் தணிந்த குரலில் சொன்னார்: “நேத்து காலைல குழந்தை போயிடுச்சு. வீட்டு ஆளுங்க எடுத்துட்டுப் போய் அடக்கமும் பண்ணிட்டாங்க. இவர் மட்டும் எந்திரிக்க மாட்டேங்கறார்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போனார். மெக்கானிக்கால் நகர முடியவில்லை. பேக்கரிக்காரர் இவரைப் பார்த்தார். கோபம் இல்லை. அடையாளம் தெரிந்து சின்னதாக ஒரு சிரிப்பு. கட்டியிருந்த துணியை விரலால் கொஞ்சம் விலக்கிக் காட்டினார்.

“அண்ணே… இப்ப ரெண்டாயிடுச்சு. ரெண்டும் சூடாகவே மாட்டேங்குது.”

அந்த இடத்தில் மெக்கானிக் கதையை நிறுத்திவிட்டார். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். தண்ணீர் குடித்தார்.

மீதியை அவர் மனைவிதான் வேறொரு நாள் சொன்னாள். அவர் மாடியிலிருந்து இறங்கி வர வெகுநேரம் ஆனதாம். வரும்போது சட்டைப் பட்டன் கழுத்து வரை போட்டிருந்தாராம். கை நெஞ்சுக்குக் குறுக்கே. பின்னாலேயே, நிமிர்ந்து நடக்க முடியாமல் நடந்து வந்த ஒரு இளைஞன் இவரைக் கும்பிட்டுவிட்டுப் போனானாம். வண்டியில் ஏறும்போது, குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று அவள் நீட்டினாள். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டாராம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது நாலு வயது. நன்றாக இருக்கிறாள், வாயாடி. இதுவரை ஒரு தடவைகூட அவர் அவளைத் தூக்கியதில்லை. கோடையிலும் கம்பளிச் சட்டைதான்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தேன். அந்தக் குழந்தை ஓடி வந்தாள். அப்பாவைத் தொடவில்லை. ஒரு கை தூரத்தில் நின்று, அவருடைய வலப்பக்க நெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா பேசுங்க மாமா… தம்பி இப்பதான் தூங்கறான்.”