நாற்பதடி தண்ணீர்

மதியம் இரண்டு மணி. பேய்க்கு அர்த்தராத்திரிதான் தோது என்று நினைப்பவன் அரிசோனாவின் ஆகஸ்ட் வெயிலைப் பார்த்ததில்லை. முப்பது மைல் தார்ச்சாலை. எதிரில் ஒரு வண்டி இல்லை... வானத்தில் ஒரு காக்கை இல்லை. அந்தச் சாலையில்தான் லொரீன் தன் ஓட்டை டிரக்கை மிதித்துக்கொண்டு வந்தாள். நம் கார்லைலின் ஒன்றுவிட்ட அக்கா. பொய் என்றால் அவனையே கேளுங்கள், அதோ நெருப்போரம் குறுகி உட்கார்ந்திருக்கிறான்.

அவள் பயப்பட வரவில்லை. சண்டை போட வந்தாள்.

காரணம், வெர்ன். காப்பர் வாஷ் அணை ஏரிக்கரையில் தூண்டில் இரை விற்பவன். அழுகின மீனைக்கூட முகர்ந்து பார்த்து, ஆகா என்று சொல்லி விற்கிற ரகம். அவன் கடைக்கு ஃபோன் அடித்தால் கேசட் பேசும்: இன்றைய மீன் நிலவரம். தண்ணீர் எத்தனை அடி, மீன் எந்த ஆழத்தில் என்று. இங்கே காபிக்கு முன்னால் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கோடையில் ஏரி மளமளவென்று வற்றியது. பாறைகளில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாக, தலைக்கு மேலே நின்றது. உண்மையைச் சொன்னால் எவன் வருவான்? வெர்ன் போன வருஷத்து ஆகஸ்ட் கேசட்டையே எடுத்துப் போட்டான்.

"காட்டன்வுட் வளைவுல நாப்பதடி தண்ணி. விடியக்காலம் வரிமீன் மேல வந்து கொதிக்குது. வாங்க, வாங்க!"

லொரீனின் புருஷன் டேல் அதை நம்பினான். விடியலில் படகை முழு வேகத்தில் விட்டான். அணை கட்டியபோது மூழ்கின கல் பள்ளிக்கூடத்தின் கூரை, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே காத்திருந்தது. படகு கிடைத்தது. டேல் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் வெர்ன் கூசாமல் சொன்னான்: "குடிச்சிருந்தான் சார்."

டேல் குடியை விட்டு ஒன்பது வருஷம். அந்த ஒரு வார்த்தைதான் அவளை இங்கே விரட்டியது. ஆள் திரும்பமாட்டான். பேரையாவது திருப்பி வாங்கவேண்டும்.

கடைக்குள் உருகின நெத்திலி இரையின் நாற்றம். ஐஸ்பெட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. டக்... டக்...

"அதிகாரிக்கு ஃபோனப் போடுய்யா. கேசட்டு பழசு, குடிச்சான்னு சொன்னது பொய்னு சொல்லு."

"துக்கத்துல பேசுறம்மா நீ. ஒரு சோடா குடி."

"உன் சோடாவுல உன் வாயக் கழுவு. டேல குடிகாரன்னு சொன்ன வாயி."

"அட, மீனுக்குப் போன வருஷம் இந்த வருஷம்னு தெரியுமா என்ன?"

"அந்தக் கேசட்டப் போடு. இப்ப. என் முன்னால."

வெர்ன் சிரித்தபடி பொத்தானை அழுத்தினான்.

கரகரப்பு... பிறகு தண்ணீர்ச் சத்தம். முங்கினால் காதுக்குள் கேட்குமே, அது. பிறகு ஒரு குரல். நிதானமான குரல்.

"இன்னைய மீன் நிலவரம். காட்டன்வுட் வளைவு, போன வருஷத்தவிட பதினஞ்சடி கம்மி. மீனு மேல இல்ல... எங்கூட பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கு. இங்க குளுமை. நான் குடிக்கல, லொரீன்."

வெர்ன் பிளக்கைப் பிடுங்கினான். குரல் நிற்கவில்லை. கேசட்டை உருவினான். "குடிக்கல" என்றது காலிப் பெட்டி.

"எவன்டா விளையாடுறது? நாப்பதடி இருக்கு! அளந்தே காட்டுறேன், பாரு!"

நூலில் கட்டிய ஈயக் குண்டை எடுத்துக்கொண்டு ஓடினான். படகு இறக்கும் சரிவு சேற்றில் முடிந்திருந்தது. முழங்காலளவு சேற்றில் தன் படகைத் தள்ளி, ஏறி, வளைவுக்குப் போனான். கரையில் நின்று லொரீன் பார்த்தாள். குண்டை விட்டான். நூல் ஓடியது... ஓடியது... நின்றது. அவன் இழுத்தான்.

நூல் திருப்பி இழுத்தது.

ஒரு கத்தல் இல்லை. ஒரு வட்ட அலை இல்லை. படகு மட்டும் மிதந்தது.

"அளந்துட்டியா, வெர்ன்?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் உதவிக்கு ஃபோன் செய்தாள்.

மறுநாள் முக்குளிப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் டேலைக் கண்டெடுத்தார்கள். அதே அதிகாரி வந்தார். கடை ஃபோனைக் காதில் வைத்து ஒரு நிமிஷம் கேட்டார். பேனாவை எடுத்து, 'குடிபோதை' என்று எழுதியிருந்ததை அடித்தார். வெர்னைத் தேடித் தேடி விட்டுவிட்டார்கள்.

கடையைப் பூட்டி, ஃபோன் இணைப்பை அறுத்து எட்டு வருஷம். ஆகஸ்ட் கடைசியில் அந்த எண்ணை அடித்தால் இன்னும் மணி போகிறது. இப்போது டேல் இல்லை. வாய் நிறையத் தண்ணீரோடு வெர்ன்: "நாப்பதடி இருக்கு... வாங்க... வாங்க..."

காட்டன்வுட் வளைவில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெடித்த மண். பள்ளிக்கூடம் வெயிலில் நிற்கிறது. வெர்னின் எலும்புகூடக் கிடைக்கவில்லை. கதவுப் பிடியில் அந்த ஈயக் குண்டின் நூல் சுற்றியிருக்கிறது. போன வாரம் கார்லைல் அதைத் தொட்டான், உச்சி வெயிலில்.

நூல் நனைந்திருந்தது. நுனியிலிருந்து இன்னும்... டக்... டக்...