முளைக்காத அடிக்கட்டை

வேணாம்மா, தண்ணி என்கிட்டயே இருக்கு. உள்ள வந்தா இந்த பூட்ஸ் மண்ணு வீடு பூரா ஆயிடும். நான் இப்படி சமையக்கட்டு வாசப்படியிலயே உக்காந்துக்கறேன். நீங்க துணியைக் காயப்போடுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல. ஒரு கையெழுத்து வேலைதான். மரம் வெட்டி நாப்பது நாள் ஆச்சில்ல, வந்து பாத்து எழுதணும்.

ஆமா, வெட்டுன ஆளுங்க வேற, நான் வேற. நான் அடையாளம் காட்டுற ஆளு. வீடு வீடா போயி, இது அந்த மரம்தான்னு பாத்து, மஞ்ச பெயிண்ட்ல ஒரு வளையம் போடுவேன். வளையம் விழுந்தா முடிஞ்சுது. பின்னாடியே ரம்பத்தோட வந்துடுவாங்க. அவங்க மரத்தை எங்க பாக்குறாங்க, வளையத்தைத்தான் பாப்பாங்க.

எங்க ஆபீஸ் ஃபார்ம்ல அந்த மரத்துக்கு வாயில நுழையாத ஒரு பேரு இருக்கு. நாங்க நாத்த மரம்னுதான் சொல்லுவோம். எவனோ ஒரு புண்ணியவான் அழகா இருக்குன்னு வெளியில இருந்து கொண்டுவந்து நட்டிருக்கான். இப்ப சுவத்து விரிசல், சாக்கடை ஓரம், தண்டவாளம், ஒரு இடம் பாக்கி இல்ல. பக்கத்துல வேற எதையும் தலையெடுக்க விடாது.

கஷ்டம் என்னன்னா, அதே ஜாடையில இங்கத்து மரமே ஒண்ணு இருக்கு. அதே உயரம், நீளமா ஒரு காம்பு, அதுல ரெண்டு பக்கமும் வரிசையா இலை. அண்ணன் தம்பின்னு சொல்லலாம். இலையை எடுத்து, காம்போட சேர்ற அடிப்பக்கத்து ஓரத்தைப் பாக்கணும். நாத்த மரத்துக்கு அங்க மட்டும் ஒண்ணோ ரெண்டோ பல்லு இருக்கும், தடவுனா சின்னதா முண்டு தட்டும். இன்னொண்ணுக்கு ஓரம் பூரா பல்லு. அப்பவும் சந்தேகம்னா கசக்கி மோந்து பாக்கணும். பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்குமாம்.

ஆங்? அடிக்குமாம்னா சொன்னேன்? அடிக்கும். வாய் தவறி வந்துடுச்சு.

சரி, இதைச் சொல்லுங்க. குருத்து ஒண்ணு கூட வரலையா? அந்த வேலி ஓரம், தண்ணித் தொட்டி பின்னாடி? நீங்க கதவு தொறக்குறதுக்கு முன்னாடி நானும் ரெண்டு சுத்து வந்துட்டேன். ஒண்ணும் இல்ல. இல்லம்மா, அடிக்கட்டையில தடவுன மருந்து வேலை செஞ்சிருக்குன்னு சொல்ல முடியாது. இந்த மரம் வெட்டுனா சாகாது. மேல வெட்டுனா வேருக்குக் கோவம் வந்துடும். மருந்து தடவியிருந்தாலும் ஒரு மாசத்துல சுத்தி இருபது முப்பது அடிக்குக் குபுகுபுன்னு கிளம்பும். அதைப் பாத்துப் பாத்து இன்னும் ரெண்டு மூணு தடவை மருந்து வைக்கணும். இந்தத் தெருவுலயே பதினோரு வீடு, பத்து வீட்ல கிளம்பிடுச்சு.

அந்த ஜன்னல்ல எதுக்கு பெட்ஷீட் கட்டியிருக்கீங்க? வெயிலா? ஓ. சார் கட்டில் அந்தப் பக்கம்தானா. எழுந்து நடமாட்டம் இல்லையா? ரெண்டு வருஷமா. அப்போ அவருக்குப் பகல் பூரா அந்த மரம்தான். ம். வளையம் போட்ட அன்னைக்கு நான் அதைக் கேட்டுக்கவே இல்ல.

என்னம்மா, எங்க ஓடுறீங்க? பாத்து, படி.

தீஞ்சுபோச்சா? பாத்திரமே போச்சா. அடடா, பாலு. இல்லம்மா, எனக்குத் தெரியல. ஆமா, அடுப்பு என் முதுகுக்குப் பின்னாடிதான். நீங்க அங்க கொடிகிட்ட நின்னே கண்டுபிடிச்சுட்டீங்க. சத்தியமா எனக்குத் தெரியல.

மூணு வருஷம் ஆச்சு. வீட்ல எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரே காய்ச்சல். அவ போயிட்டா, எனக்கு மூக்கு போச்சு. ரெண்டும் ஒரே வாரம். வந்தவங்க எல்லாம் அழுதாங்க, நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். அவ தலகாணி உறையை இன்னும் துவைக்கல. எப்பவாவது எடுத்து மூஞ்சியில வச்சுப் பாப்பேன். துணியா இருக்கும். அவ்வளவுதான்.

ஆபீஸ்ல சொல்லல. சொன்னா ஏதாவது ஒரு ரூம்ல உக்கார வச்சுடுவாங்க. நடந்துக்கிட்டே இருந்தா நாள் போயிடும். கண்ணாலயே சமாளிச்சேன், கையால தடவிப் பாப்பேன், ஒண்ணும் தப்பு வரல. உங்க மரத்துல அன்னைக்கு இலை பூரா புழு அரிச்சுக் கிடந்துச்சு. பல்லு எது, பூச்சி கடிச்சது எதுன்னு தெரியல.

நீங்க ஒரு இலையைக் கசக்கி மோந்துட்டு, நாத்தம் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்குன்னீங்க. ஞாபகம் இருக்கா? நான் வாங்கி மூக்குகிட்ட வச்சுட்டு, எனக்கு நல்லாவே அடிக்குதேன்னு சொன்னேன். சிரிச்சேன் கூட. நீங்களும் படிச்ச ஆளு சொல்றாரேன்னு விட்டுட்டீங்க.

எனக்கு ஒண்ணும் அடிக்கலம்மா. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. உங்களுது இங்கத்து மரம்.

வருத்தமா இருக்குன்னு சொல்லணும். இருக்கும்னுதான் நினைக்கிறேன், எங்கன்னுதான் தெரியல.

அந்தப் பேனாவைக் கீழ வைங்க. கையெழுத்து போட்டா, வேலை நல்லா முடிஞ்சுதுன்னு ஃபைலை மூடிடுவாங்க. இங்க, இந்தக் காலி இடத்துல நானே எழுதுறேன், மரம் தப்பு, வளையம் போட்ட ஆள் நான்னு. அப்புறம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.

சார் முழிச்சுக்கிட்டுதானே இருக்காரு? இருங்க, பூட்ஸைக் கழட்டிட்டு வரேன். அவர்கிட்ட நானே சொல்லிடறேன்.