பத்தரைக்குள் சிதம்பரம்

— அழுத்துடா செம்பியா. டிராக்டரெல்லாம் நம்மள முந்திக்கிட்டுப் போவுது.

— அம்பதத் தாண்ட மாட்டேன்க்கா. எஞ்சின முழுசாப் பிரிச்சு, புது பிஸ்டன், புது ரிங்கு போட்டு மாட்டி நாலு நாளுதான் ஆவுது. மொத ஆயிரம் கிலோமீட்டரு பதமா ஓட்டணும். ரிங்கு சிலிண்டரோட பழவணும்.

— நான் வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு யாருடா பழவ நாளு குடுத்தா? மறுநாளே முப்பது பேருக்கு இட்லி ஊத்துனேன்.

— அதான் மச்சான் இன்னிக்கும் சௌந்தரம்னு பேரக் கேட்டாலே நடுங்குறாரு.

— வாய் மட்டும் நல்லா ஓடுது. கடலூர வுட்டுக் கெளம்பி அரை மணி ஆவுது, இன்னம் ஆலப்பாக்கமே வரல. வெள்ளிக்கெழம, பத்தரைக்கு ராகு காலம் பொறந்துடும். அதுக்குள்ள தாம்பாளத்தோட சுப்புராயன் மாமா வூட்டு வாசப்படிய மிதிக்கணும்.

— மிதிப்போம்.

— மெக்கானிக்குக்குப் பொண்ணு இல்லன்னு ரெண்டு வருசமா முறுக்கிக்கிட்டு இருந்த மனுசன். அவரு கொட்டாயில கோழி முட்ட போட்டுக்கிட்டுக் கெடந்த இந்தக் காரக் காட்டி, “இது தானா ஓடி என் வாசலுக்கு வரட்டும், கனிமொழியப் பத்திப் பேசலாம்”னாரு. பேச வர்ற அன்னிக்கு நேரம் தவறலாமா?

— இரு, ஓரங்கட்டறேன். சூட்டு முள்ளு ஏறுது. பத்து நிமிசம் ஆறட்டும்.

— டேய், அதையே சாக்கா வெச்சுத் திருப்பி அனுப்பிடுவாருடா.

— எஞ்சினு ஜாம் ஆயிட்டா அவருக்குச் சாக்கே தேவயில்லக்கா.

— பத்து நிமிசம் ஆயிடுச்சு.

— முள்ளும் எறங்கிடுச்சு. கெளம்பலாம்.

— கெளம்பி என்ன? வெள்ளாத்துப் பாலத்துலயே பத்தரை ஆயிடும்.

— ஆவட்டும்.

— இந்தா, வந்தாச்சு சிதம்பரம். மணி பத்தே முக்கா. மாமா வாசல்லயே நிக்கறாரு பாரு. கையக் காட்டி நிறுத்தறாரு. போச்சு.

— வணக்கம் மாமா.

— எறங்காத செம்பியா. சௌந்தரம், நீயும் எறங்காத. ராகு காலத்துல எந்தக் கூறுகெட்டவன் பொண்ணு கேக்க வருவான்?

— நான் தலபாடா அடிச்சிக்கிட்டேன் மாமா, இவன்தான்...

— நீ இரும்மா. செம்பியா, எஞ்சின அணைக்காத. முறுக்காம அப்டியே ஓடவுடு. ம். எவ்ளோ வேகத்துல வந்த?

— நாப்பது, அம்பது மாமா. ஒரே வேகமா வுடாம மாத்தி மாத்தி. ஆலப்பாக்கத்துல ஆற வெச்சேன்.

— மணி ஆவுதுன்னு தெரியல?

— தெரிஞ்சுது. தொண்ணூறுல வந்திருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன் மாமா. எஞ்சினு வீணாப் போயிருக்கும்.

— நான் போடான்னுடுவேன்னு பயமில்ல?

— இருந்துச்சு. அதுக்காக எஞ்சினச் சாவடிக்க முடியுமா?

— கனிமொழி, செருப்ப மாட்டிக்கிட்டு வா. தள்ளி ஒக்காரும்மா சௌந்தரம், தாம்பாளத்த மடியில வெச்சுக்க. பன்னண்டு மணி வரைக்கும் பிச்சாவரம் ரோட்டுல ஓடட்டும், அப்பறமா உள்ள வந்து தட்டு மாத்திக்கலாம். நீங்க எடுங்க மாப்ள.