அண்ணன் தொகுதி

என் சட்டைகளை நானேதான் துவைத்துக்கொள்வேன், சார். அமைச்சரான பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் அதை எளிமை என்று எழுதினார்கள். நான் மறுக்கவில்லை.

அண்ணன் மூன்று முறை ஜெயித்த தொகுதி அது. மேடை போடுவது, ஆள் திரட்டுவது, அவர் பேச வேண்டியதை எழுதிக் கொடுப்பது எல்லாம் நான். கைதட்டல் அவருக்கு. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. நான்காவது தேர்தலில் எனக்கு விட்டுத்தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சமயம் வந்தபோது, "இந்த ஒரு தடவை நின்னுக்கறேன்டா, உனக்கென்ன வயசா ஆயிடுச்சு?" என்று தோளில் தட்டினார். எனக்கு அப்போது நாற்பத்தாறு.

அந்த முறையும் ஜெயித்தார். எட்டாவது மாதம் ஒரு பாலத்தைத் திறந்துவைக்கப் போனோம். காலை பதினொரு மணி, ஊரே புழுதி. அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. இன்ஹேலர் என் சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கும். அண்ணி என்னை நம்பிக் கொடுத்த பொறுப்பு. பாதிப் பேச்சில் அவருக்கு மூச்சு முட்டியது. மேடைக்குப் பின்னால் நின்ற வேனில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

"எடுடா" என்று கையை நீட்டினார்.

"தேடறேண்ணே" என்றேன்.

பெட்டிக்குள் தேடினேன். இருக்கைக்கு அடியில் தேடினேன். தேடுவதில் குறை வைக்கவில்லை. அவர் விரல் என் சட்டைப்பைக்கே வந்து இரண்டு முறை தட்டியது. நான் அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை கையை விடவில்லை, சார். கூடப் பிறந்தவரைத் தனியாக விட முடியுமா?

எல்லாம் அடங்கிய பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். அழுதது நிஜ அழுகைதான். அந்தப் படம் பிறகு சுவரொட்டியானது.

அந்தச் சட்டையை அழுக்குக் கூடையில் போட்டது மட்டும் என் கவனக்குறைவு. நான்காம் நாள் அண்ணி உள்ளங்கையில் இன்ஹேலரோடு வந்து நின்றார்கள்.

"இது உங்க பையிலயேதான் இருந்துச்சா, தம்பி?"

இடைத்தேர்தலுக்கு அண்ணியை நிறுத்தக் கட்சித் தலைவர் முடிவு செய்திருந்தார். "அந்தம்மா மேடையில வந்து நின்னா போதும்யா, ஓட்டு தானா விழும்" என்றார். அண்ணியும் சம்மதித்தார்கள். மேடையேறி என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மனநல விடுதி நடத்திய டாக்டர் ஒருவர் எனக்குக் கடமைப்பட்டவர். அண்ணியை அழைத்துக்கொண்டு போனேன்.

"அவங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"அண்ணனை நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க, டாக்டர்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பாருங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அண்ணி முதல் வருடம் கத்தினார்கள். அடுத்த வருடம் வந்தவர் போனவரிடமெல்லாம் நிதானமாக எடுத்துச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல மாத்திரை கூடியது. ஐந்தாம் வருடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செய்யல தம்பி. நான்தான் ஏதோ உளறிட்டேன். என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். எனக்கே நெஞ்சை என்னவோ செய்தது. ஆனால் குணமானதுபோல நடிப்பதும் அந்த நோயில் உண்டு என்று படித்திருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் ஊசிக்கு மாற்றினார். அதற்குப் பிறகு அண்ணி பேசுவதில்லை.

டாக்டர் இப்போது உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொல்கிறீர்கள். சொல்லட்டும். அண்ணனைக் கொன்றது நான், அண்ணிக்குப் பைத்தியப் பட்டம் கட்டியது நான். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம், சார். அவசரப்பட்டு அண்ணியை வெளியே விட்டுவிடாதீர்கள். பதினான்கு வருடமாக மாதம் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். என்னை விட்டால் அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?