ஆண் தவளையும் மருந்துச் சாரனும்

கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். கிளினிக் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

"இஞ்சப் பாருங்க, களைக்கு அடிக்கிற சில மருந்து பட்டா ஆண் தவளையும் பொண்ணாப் போகுமாம். கிளினிக்கில நர்ஸ் மிஸ் சொன்னா."

"நான் என்ன தவளையா புள்ள?" அவன் சிரித்தான்.

"நீங்க வயல்ல மருந்தடிச்சிட்டு இடுப்பில கட்டின அதே சாரனோட வீட்டுக்குள்ள வாறீங்க. நான் அதை என்ட உடுப்போட சேர்த்துக் கழுவுறன். வயித்துப் புள்ளைக்கு அது கூடாதாம்."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். "அப்ப என்ன செய்யிற?"

"கிணத்தடியில குளிச்சி, சாரன வேறயாக் கழுவிப் போட்டுத்தான் இனி உள்ளுக்கு வரணும். வீடு எனக்குத் தந்த சீதனம். நான் சொல்றதுதான் சட்டம்."

"மாமாவும் என்னோடதானே மருந்தடிக்கிறார். உங்கட வாப்பாவுக்கும் இந்தச் சட்டமா?"

"உம்மாவுக்கு அப்பவே போன்ல கோல் எடுத்துச் சொல்லிட்டன். வயலால வந்த வாப்பா இப்ப கிணத்தடியிலதான் நிக்கிறாராம்; சவர்க்காரம் முடிஞ்சி போச்சாம்."

நான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் எழும்பிக் கொண்டக்டரைக் கூப்பிட்டான்.

"கொண்டக்டர் நானா, அந்தக் கடையடியில இறக்கி விடுங்க, சவர்க்காரம் வாங்கணும். எங்கட மாமா நனைஞ்சிட்டு நிக்கிறார்."